பிள்ளைக்காம்பரா பேட்டரி

தெய்வம்மாவுக்கும் எனக்கும் முதல் நாளே முட்டிக்கொண்டது.

நான் நவநீதன். குன்னூரில் ஒரு சோலார் கம்பெனியில் சர்வீஸ் டெக்னீஷியன். பதினாறு வருஷமாகக் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி பேட்டரி மாட்டுகிறவன். ஓட்டல், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பங்களா என்று எதையும் விட்டுவைக்கவில்லை. எங்கே போனாலும் வேலை முடிந்ததும் ஒரு தாளை நீட்டுவேன். படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். சேரம்பாடியைத் தாண்டி மலைக்குள் இருக்கிற அந்தத் தேயிலை எஸ்டேட்டில் மட்டும்தான், கையெழுத்துக் கேட்டதற்கு "ஏலாது" என்று பதில் வந்தது.

முடியாது என்பதற்கு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற அந்த லயங்களில் அப்படித்தான் சொல்வார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள். வந்து ஐம்பது வருஷம் ஆகியும் அறையைக் காம்பரா என்றுதான் சொல்கிறார்கள், மேனேஜரைத் துரை என்றுதான் கூப்பிடுகிறார்கள். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் பிள்ளைக்காம்பரா. தெய்வம்மா அங்கே ஆயா. அந்தக் காம்பராவுக்குத்தான் குன்னூரில் உள்ள ஒரு தொண்டு அமைப்பு கூரைமேல் எட்டு சோலார் பலகையும், உள்ளே பத்து யூனிட் பிடிக்கிற லித்தியம் பேட்டரியும் வாங்கிக் கொடுத்திருந்தது. மழைக் காலத்தில் அந்தப் பக்கம் மரம் விழும், யானை கம்பத்தைச் சாய்க்கும், கரண்டு போனால் நாலைந்து நாள் வராது. பட்டப்பகலில் பதினாலு பிள்ளைகள் இருட்டில் கிடக்கும்.

"இதுல என்னா எழுதியிருக்கு தம்பி?" என்றார் தெய்வம்மா. இடுப்பில் ஒரு பிள்ளை, தோளில் ஒரு பிள்ளை.

"ஒண்ணுமில்லீங்க அக்கா. பேட்டரிய வாங்கிக்கிட்டோம்னு ஒரு கையெழுத்து."

"அதுக்கா ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு பக்க இங்கிலீஷையும் வரிவரியாகத் தமிழில் சொல்லவைத்துவிட்டார். ஒரு மணி நேரம் போயிற்று. நான் போக வேண்டிய பஸ்ஸும் போயிற்று. உள்ளுக்குள் திட்டிக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே, பதினாறு வருஷத்தில் அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். நானே சில வரிகளை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன்.

பேட்டரியின் முகப்பில் ஐந்து பச்சை விளக்கு இருக்கும். முழுக்க நிறைந்திருந்தால் ஐந்தும் எரியும். கடைசி விளக்கும் அணைகிற அளவுக்கு அடிக்கடி இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும் என்றேன். தெய்வம்மா அடியில் இருந்த விளக்கை விரலால் தொட்டார். "அப்ப அடியில இருக்கிறது தாயிலை" என்றார். கொழுந்து பறிக்கும்போது அடியில் ஒரு இலையை விட்டுவைப்பார்கள். அதையும் கிள்ளிவிட்டால் செடி மறுபடி தளிர்க்காது. ஒன்று போதும் என்று நான் சொன்னேன். அவர் இரண்டை ஒதுக்கினார். மூன்று விளக்கு வரைக்கும்தான் டியூப் லைட், பால் காய்ச்சுகிற அடுப்பு, லயத்துக்காரர்களின் செல்போன் எல்லாம். அடியில் இரண்டு விளக்கு ஆபத்துக்கு.

பின்னால் கீர்த்தனா வந்தபோது அந்த இரண்டு விளக்கும் அவளுக்கென்றே ஆகிவிட்டன. கீர்த்தனா ரஞ்சனியின் மகள், இப்போது மூன்று வயது. ரஞ்சனி கொழுந்து பறிக்கிறவள். பிள்ளைக்கு இழுப்பு. மழை பிடித்தால் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். டாக்டர் நெபுலைசர் மிஷின் வைக்கச் சொல்லிவிட்டார். மருந்தைப் புகையாக்கி மூக்கில் கொடுக்கிற அந்தச் சின்ன மிஷினுக்குக் கரண்டு வேண்டும். சேரம்பாடி ஆஸ்பத்திரி பதினோரு கிலோமீட்டர் கீழே. பேட்டரி இருந்தால் ரஞ்சனி நிம்மதியாகக் கொழுந்து மலைக்குப் போகலாம். இல்லையென்றால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான், அப்புறம் சோறு எங்கிருந்து வரும்?

எஸ்டேட் ஆபீஸ் பிள்ளைக்காம்பராவிலிருந்து கூப்பிடு தூரம். மேனேஜர் விஜயன் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் இழுத்துத் தரச் சொல்லி இரண்டு தரம் ஆளனுப்பினார். இரண்டு தரமும் இரண்டு விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு தரமும் ஒரே பதில். அவரும் பாவம், சாயங்காலத்துக்குள் கோயம்புத்தூர் ஹெட் ஆபீசுக்குக் கணக்கு அனுப்பவில்லையென்றால் போனில் கிழித்துவிடுவார்கள். அதற்காகப் பிள்ளையின் மூச்சில் கை வைக்க முடியுமா என்பது தெய்வம்மாவின் கேள்வி. அதை அவர் ஆளனுப்பிக் கேட்கவில்லை, நேரே போய் ஆபீஸ் வாசலில் நின்று கேட்டார்.

இந்தத் துணிச்சல் பேட்டரியோடு வந்ததில்லை. ஒன்பது வயதில் தலைமன்னாரில் கப்பலேறியவர். மண்டபம் முகாமில் இரண்டு மாதம் கிடந்து, பிறகு இந்த மலைக்கு வந்திருக்கிறார். பதினைந்து வயதில் கூடை. இருபத்திரண்டு வயதில், ஏழு மாத வயிற்றோடு இருந்தபோது, செங்குத்தான மலைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்திலேயே கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாராம். பதினோரு மணி வரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் பக்கத்தில் சரிவு குறைந்த மலையைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து கர்ப்பிணிகளுக்கு அந்த மலைதான். புருஷன் பொன்னுத்துரை எஸ்டேட் ஃபேக்டரியில் பாய்லர்காரர். ஃபேக்டரி மூடிய மறு வருஷமே நெஞ்சுவலியில் போய்விட்டார். முட்டி தேய்ந்து மலையேற முடியாமல் போன பிறகு தெய்வம்மாவை ஆயாவாக்கினார்கள், அது ஆயிற்று பதினோரு வருஷம். மகள் சரிதா திருப்பூரில் இருக்கிறாள். இங்கே வந்து நிம்மதியாக இரு என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். அங்கே வந்து நான் யாரோடு சண்டை போடுவது என்று கேட்டாராம் தெய்வம்மா.

இனி நான் சொல்லப்போவதில் எனக்குப் பெருமை இல்லை.

போன வருஷம் ஜூலையில் விடாத மழை. கரண்டு நாலு நாளாக இல்லை, ஐந்தாம் நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து போயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில் பேட்டரி முழு மூச்சில் ஏற ஆரம்பித்து, இன்வெர்ட்டர் சூடாகி, கத்திவிட்டு நின்றுவிட்டது. பேட்டரியில் சரக்கு இருக்கிறது, இன்வெர்ட்டர் வெளியே விடவில்லை. மறுநாள் காலையில் கீர்த்தனாவுக்கு இழுப்பு வந்தது. ரஞ்சனி மலையில் இருந்தாள். பிள்ளையின் உதடு நீலம் பாரித்ததைப் பார்த்ததும் தெய்வம்மா அவளைத் தூக்கிக்கொண்டு, அந்த முட்டியோடு, கொழுந்து லாரியை மறிக்க ரோட்டுக்கு ஓடியிருக்கிறார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

இழுப்பு வந்த மறுநாள் நான் போய்ச் சேர்ந்தேன். குன்னூரிலிருந்து ஊட்டி, பைக்காரா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு மணி நேரம் பஸ். இடுப்பு ஒடிந்து, நனைந்து, நல்ல கோபத்தில் இருந்தேன். பேட்டரி இருந்த மூலையின் திரையை விலக்கினால், கம்பளி. ஒன்றல்ல, பதினேழு. கொழுந்து பறிக்கிற பெண்கள் மழைக்குத் தலையோடு போர்த்திக்கொள்கிற கறுப்புக் கம்பளிகள், ஈரம் சொட்டச் சொட்ட, இன்வெர்ட்டருக்கு மேலே கொடி கட்டித் தொங்கின. காற்றுப் போகிற துளை எல்லாம் அடைபட்டிருந்தது. உள்ளே இருந்த ஃபேனில் கம்பளி ரோமம் சுற்றிக் கட்டியாகிவிட்டது. அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. பதினாறு வருஷத்தில் இன்வெர்ட்டர்மேல் பூனை படுத்துப் பார்த்திருக்கிறேன், ஊறுகாய் ஜாடி வைத்துப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். யார் போட்டது என்று கேட்டேன்.

"நான்தான் போடச் சொன்னேன்" என்றார் தெய்வம்மா.

ஏன் என்றும் சொன்னார். முன்பெல்லாம் ஃபேக்டரி பாய்லர் பக்கத்தில் ஒரு காம்பரா இருந்தது, கம்பளி காயப்போடுவதற்கென்றே. ஃபேக்டரியை மூடியபோது அதையும் பூட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஜூன் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் காலையில் ஈரக் கம்பளியைத்தான் எடுத்துப் போர்த்திக்கொண்டு போக வேண்டும். போன மழையில் நாலு பேருக்கு நிமோனியா. எஸ்டேட்டின் அந்த டிவிஷன் முழுக்கத் தேடினாலும் சூடான காற்று வருகிற இடம் இந்த ஒரு பெட்டிதான். கேட்டுக்கொண்டேன். ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்து ஓடவிட்டேன். ரிப்போர்ட்டில் 'பழுதுக்குக் காரணம்' என்ற கட்டத்தில், எப்போதும் எழுதுகிற மாதிரி, 'பயனாளரின் கவனக்குறைவு' என்று எழுதிவிட்டு பஸ் பிடித்தேன். கம்பெனிக்கு அந்த வார்த்தை பிடிக்கும். எழுதினால் யாரும் என்னைக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

ரிப்போர்ட்டின் ஒரு பிரதி எஸ்டேட் ஆபீசுக்கும் போகும், அந்த இரண்டு வார்த்தையை விஜயன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிள்ளைக்காம்பராக்காரர்களுக்கு இதைப் பராமரிக்கத் தெரியவில்லை, டெக்னீஷியனே எழுதிக் கொடுத்திருக்கிறார், பேட்டரியை ஆபீஸ் கட்டடத்துக்கு மாற்றினால் பத்திரமாக இருக்கும் என்று தொண்டு அமைப்புக்குக் கடிதம் போட்டார். அவர்களும் சரி என்றுவிட்டார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில், பேட்டரியைக் கழற்றி ஆபீசில் மாட்டச் சொல்லி எனக்கு ஆர்டர் வந்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனாலும் போனேன்.

பிள்ளைக்காம்பரா வாசலில் தெய்வம்மா நின்றார். அவருக்குப் பின்னால் ரஞ்சனியும் மற்ற பெண்களும். வழிவிடச் சொன்னேன். ஏலாது என்றார். முதலில் நான் எழுதிய ரிப்போர்ட்டை எல்லோருக்கும் தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

"சரிதான்" என்றார் தெய்வம்மா. "கம்பளி போட்டது என் தப்பு. பிள்ளைக்கு மூச்சு முட்டினது என்னால. அத நான் சாகுமட்டும் மறக்க ஏலாது, இந்தா ரஞ்சனி நிக்கிறா, அவ கால்ல விழுந்து சொல்லிட்டேன். ஆனா ஏன் போட்டேன்னு நீங்க கேட்டீங்க, நானும் சொன்னேன். அது எங்க தம்பி?"

எங்கேயும் இல்லை.

அடுத்து, தொண்டு அமைப்பின் கடிதத்தைப் படிக்கச் சொன்னார். 'பேட்டரி எஸ்டேட் குழந்தைகளின் உபயோகத்துக்கே உரியது. பாதுகாப்பு கருதி அதை ஆபீஸ் கட்டடத்தில் வைக்க அனுமதிக்கிறோம்.' அந்த முதல் வரியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். தெய்வம்மா தலையாட்டிவிட்டு வாசலை விட்டு விலகி நின்றார்.

பெண்களுக்கு நம்ப முடியவில்லை. ரஞ்சனி அழுதுகொண்டே அவரைத் திட்டினாள். என் பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டாயே என்றாள். தெய்வம்மா உள்ளே போய்த் தூளிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். எனக்கும் சப்பென்று ஆகிவிட்டது. அவர் என்னை உள்ளே விடாமல் நின்று, நான் வெறுங்கையோடு திரும்பிப் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். எனக்கு வராத ரோஷத்தை அவரிடம் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

இருட்டுவதற்குள் கூரைப் பலகைகளையும் சேர்த்து ஆபீசுக்கு மாற்றி முடித்தேன். நல்ல கட்டடம். வெள்ளைக்காரன் காலத்துக் கல்சுவர், மரத்தரை, மூன்று பக்கமும் கண்ணாடி ஜன்னல், ஈரம் என்ற பேச்சே இல்லை. பின்னால் ரெக்கார்டு அறையில் பேட்டரி கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு நாள் கழித்து தொண்டு அமைப்பிலிருந்து ரோஸ்மேரி மேடம் பார்க்க வருவதாகவும், அதுவரை நான் இருக்க வேண்டும் என்றும் தகவல் வந்தது. சேரம்பாடியில் ஒரு லாட்ஜில் தங்கினேன்.

மறுநாள் காலையில் நான் ஆபீசில் ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பெரட்டு முடிந்ததும் பெண்கள் மலைக்குப் போகவில்லை. கம்பளியும் கூடையுமாக வரிசையாக ஆபீஸ் படியேறி வந்தார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு பிள்ளை. முன்னால் தெய்வம்மா, கையில் தூளித் துணி மூட்டை. யாரையும் கேட்கவில்லை. மேசைமேல் ஏறி, கூரை உத்தரத்தில் கயிற்றை வீசி, ஒவ்வொரு தூளியாகக் கட்ட ஆரம்பித்தார். ரஞ்சனியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அழுத கண்ணோடு சிரித்துக்கொண்டு கயிற்றைப் பிடித்துக் கொடுத்தாள்.

விஜயன் வந்தபோது அவருடைய நாற்காலிக்கு நேர் மேலே ஒரு தூளி ஆடிக்கொண்டிருந்தது. கீர்த்தனா கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து நெபுலைசர் பிடித்துக்கொண்டிருந்தாள். மனிதர் கத்தினார். மலையாளம் பாதி தமிழ் பாதியாகக் கத்தினார். எழுதிக் கொடுத்து வேலையை விட்டே தூக்கிவிடுவேன் என்றார். தெய்வம்மாவுக்கு ரிட்டயராக இன்னும் பத்து மாதம்தான் பாக்கி, அதையும் ஞாபகப்படுத்தினார்.

தெய்வம்மா மேசையிலிருந்து மெதுவாக இறங்கினார். "தூக்குங்க தொர. ஆனா பேட்டரி பிள்ளைங்களுக்குன்னு காயிதத்துல இருக்கு. இந்தத் தம்பி ரெண்டு தரம் படிச்சாரு. பேட்டரி இங்க இருந்தா பிள்ளைங்க எங்க இருக்கும்?"

விஜயன் என்னைப் பார்த்தார். நான் ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தேன். பிள்ளைகளை வெளியே அனுப்பினால் மலைக்குப் போகமாட்டோம் என்று பெண்கள் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். மழைக்குக் கொழுந்து கண்டபடி தளிர்த்து நிற்கிற நேரம், இரண்டு நாள் விட்டால் முற்றிப்போகும். விஜயன் கடைசியில் இன்றைக்கு மட்டும் என்றார். மறுநாளும் இன்றைக்கு மட்டும் என்றார்.

மூன்றாம் நாள் ரோஸ்மேரி மேடம் வந்தார். நான் ரெக்கார்டு அறை வாசலில் ஒதுங்கி நின்றேன். மேடம் உள்ளே வந்தார், ஜன்னல் வெளிச்சத்தையும், காய்ந்த தரையையும், பதினாலு பிள்ளைகளையும் பார்த்தார். பேட்டரியைத்தான் மாற்றுகிறார்கள் என்று நினைத்தாராம். பிள்ளைக்காம்பராவையே இவ்வளவு நல்ல கட்டடத்துக்கு மாற்றியிருக்கிறீர்களே, எந்த மேனேஜருக்கு இந்த மனசு வரும் என்று விஜயனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். போட்டோ எடுத்தார்கள். நடுவில் விஜயன், அவர் மடியில் ஒரு பிள்ளை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன். தெய்வம்மா சிரிக்கவே இல்லை.

மேடம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது விஜயன் என்னைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். பேட்டரி இருக்கிற கட்டடத்தில் சின்னப் பிள்ளைகள் இருப்பது ஆபத்து என்று ஒரு வரி எழுதிக் கொடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஏற்கனவே ஒரு வரி எழுதினவன்தானே, இன்னொரு வரி எழுதினால் என்ன என்று நினைத்திருப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அந்த லட்சணத்தில்தான் நான் இருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் கொஞ்சம், என்மேல் நிறைய. அங்கேயே தாழ்வாரத்தில் உட்கார்ந்து புது ரிப்போர்ட் எழுதினேன், தமிழில். பழைய பிள்ளைக்காம்பராவின் சுவர் ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது, இன்வெர்ட்டர் வைக்க லாயக்கில்லை, அதை அங்கே மாட்டியது எங்கள் கம்பெனியின் தவறு. ஜூலைப் பழுதுக்குக் காரணம், தொழிலாளர்களுக்குக் கம்பளி காயப்போட இடம் இல்லாதது. என் முந்தைய ரிப்போர்ட்டில் இதை எழுதாமல் விட்டேன், அது என் தவறு. பேட்டரி பூட்டிய தனி அறையில் இருக்கிறது, இந்தக் கட்டடத்தில் பிள்ளைகள் இருப்பதில் ஆபத்து இல்லை. இனி இதை இடம் மாற்றக் கூடாது. கட்டத்துக்குள் அடங்கவில்லை, ஓரத்திலும் பின்பக்கத்திலும் எழுதினேன். கையெழுத்துப் போட்டு, விஜயனிடம் கொடுக்காமல் நேரே மேடத்தின் கையில் கொடுத்தேன். கம்பெனி என்னைச் சும்மா விடாது என்று தெரியும். விடவும் இல்லை, அது வேறு கதை.

மேடம் இரண்டு பக்கத்தையும் படித்தார். கம்பளி காயப்போடுகிற அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விஜயனைக் கேட்டார். விஜயன் டிராயரைத் திறந்து தேட ஆரம்பித்தார். அந்த ரிப்போர்ட்டில் தெய்வம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை, ஆனாலும் அவர் அதைத் தனக்கும் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். போய் வேலையைப் பாருங்க தம்பி என்றார்.

மேடத்தின் ஜீப் போனதும் விஜயன் தன் நாற்காலியில் உட்காரப் பார்த்தார். அதில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. மேசைமேல் பால் போத்தல்கள். மனிதர் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"அப்போ நான் எவிட இருந்து வேலை செய்யறது தெய்வம்மா?"

தெய்வம்மா தூளியை ஆட்டிக்கொண்டே சொன்னார். "பழைய காம்பரா சும்மாதானே கெடக்கு தொர. எங்க பிள்ளைங்க இத்தன வருசம் அதுக்குள்ளதான் கெடந்துச்சு. நீங்க இருக்க ஏலாதா?"

மத்தியானம் ஆபீஸ் ஆட்கள் விஜயனின் கம்ப்யூட்டரைக் கட்டிப் பழைய காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.